வேப்பிலை கட்டிய மடை

அரியமுத்துவின் வலது குதிகாலை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். செருப்புப் போடாத கால் என்பதால் மட்டும் அப்படி ஆகவில்லை. முப்பது வருஷமாக அந்தக் குதிகாலுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஊரான் வயலுக்கு மடை திறக்கிற உத்தியோகம்.

ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கரைமேடு என்று ஒரு சின்ன ஊர். அறுபது தலைக்கட்டு தேறும். ஏரியிலிருந்து ஒரே வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் வயல். ஒவ்வொரு வயலுக்கும் வரப்பில் ஒரு சாண் அகலத்துக்கு வாய் விட்டு மண்ணால் அடைத்து வைத்திருப்பார்கள். அதுதான் மடை. தண்ணீர் வேண்டுமென்றால் மண்ணைத் தள்ள வேண்டியது, போதுமென்றால் அடைக்க வேண்டியது. இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் கரைமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒருத்தன் வயல் காய்ந்து கிடந்தால், வரப்பில் போகிறவன் யாராக இருந்தாலும் அந்த மடையைத் திறந்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். வயல்காரன் பகையாளியாக இருந்தாலும் சரி. பகை அவனோடுதான், பயிரோடு இல்லை.

வழக்கம் பழசுதான். அதைச் சட்டமாக்கியவர் அரியமுத்து. அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். படிப்பு ஏறாவிட்டாலும் அவர் கண்ணுக்குக் காய்ந்த வயல் எட்டு வரப்பு தாண்டியும் தெரியும். பார்த்துவிட்டால் சாப்பாடு இறங்காது. போய்க் குதிகாலால் ஒரு தள்ளுத் தள்ளித் திறந்துவிட்டு, வயல்காரனைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தால்தான் ஆறும். கண்டும் காணாமல் போகிறவனையும் விடமாட்டார். அவர் வாய்க்குப் பயந்தே ஊரில் எல்லோருக்கும் மடை திறக்கிற பழக்கம் வந்துவிட்டது.

தொண்ணூற்றைந்தில், திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கிய புரட்டாசியில், அவர் மச்சினன் வீரமுத்துவை வரப்பில் விரியன் கடித்தது. வீரமுத்து, அரியமுத்துவின் மனைவி பூங்காவனத்துக்கு ஒரே தம்பி. அரியலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். பதினோரு நாளும் அரியமுத்து முதலில் அவன் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் தன் வயலுக்குப் போனார். வீங்கிய காலோடு திரும்பி வந்த வீரமுத்து, வயல் கருகருவென்று நிற்பதைப் பார்த்து அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் போயிருந்தாலும் என் பயிர் பொழச்சிருக்கும் போலருக்கே மாமா" என்றான்.

"நீ போனா போ மாப்ள. பயிர் என்ன பாவம் பண்ணுச்சு" என்றார் அரியமுத்து.

அதுதான் அவர் பாசம் காட்டுகிற விதம். வீரமுத்துவுக்கு அது புரியும். என்றைக்காவது ஒருநாள் மாமா வயலுக்கும் நாம் இப்படி ஒரு மடை திறந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசில் போட்டு வைத்தான். ஆனால் அரியமுத்து வயல் காய்ந்தால்தானே. பதினோரு வருஷம் அவனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவே இல்லை.

சர்க்காருக்கும் அரியமுத்துவுக்கும் ஒத்துப்போனதில்லை. தப்பு சர்க்கார் மேல் இல்லை. ஒருதரம் மானியத்துக்குப் பேர் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எதுக்கு மானியம் என்று கேட்காமலே ஓடிப்போய் வரிசையில் நின்று கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்து ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிற பிவிசி குழாய் பத்து வந்து இறங்கியது. அவரிடம் ஆழ்குழாய்க் கிணறும் இல்லை, சாதாரணக் கிணறும் இல்லை. பூங்காவனம் இரண்டு குழாயில் துணி காயப் போட்டாள், மிச்சத்தில் பாகல் கொடிக்குப் பந்தல் போட்டாள். அதற்கப்புறம் ஒரு ஆயில் எஞ்சினுக்கு மனு எழுதி, பெரம்பலூருக்குக் கொடுக்க வேண்டியதா அரியலூருக்கா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார். அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், அடுத்த வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். அரியமுத்து இருந்த இடத்திலேயேதான் இருந்தார், மாவட்டம்தான் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மனு அலமாரியில் கரையான் தின்றது.

இப்படிப்பட்ட மனுஷன் இரண்டாயிரத்து ஆறில் வேளாண்மை ஆபீஸ்காரர்கள் சொன்ன புது முறைக்குத் தலையாட்டினார் என்றால் அதற்கு ஒரே காரணம், வீட்டில் நெல் கொட்டி வைக்கிற குதிர் காலி.

முந்தின வருஷம் ஐப்பசிக் கடைசியில் அடித்த மழையில் கொள்ளிடம் இரண்டு கரையும் புரண்டு வந்தது. கரைமேட்டில் எட்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபோது அரியமுத்துவின் ஒண்ணேகால் ஏக்கரில் சேறு மட்டும்தான் மிச்சம். விதைக்கென்று வைக்கோல் பிரியில் கட்டி வைத்திருந்த நெல்கோட்டையும் நனைந்து முளைத்துப்போனது. ஒரு வருஷம் முழுக்க ரேஷன் அரிசி. பூங்காவனம் வெறும் குதிருக்குள் தலையை விட்டுப் பெருக்குகிற சாக்கில் தினம் ஒருதரம் எட்டிப் பார்ப்பாள். அது அரியமுத்துவுக்குத் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

ஆவணியில் கீதாஞ்சலி என்ற இளவயசு வேளாண்மை அதிகாரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஊர் அவரை 'ஏஓ அம்மா' என்றது. ஊருக்கு ஒரு செயல்விளக்க வயல் வேண்டும், ஒற்றை நாற்று நடவு, ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும், அந்த விதையும் களை எடுக்கிற உருளைக் கருவியும் சர்க்காரே தரும் என்றார். மற்றவர்கள் நெளிந்தார்கள். வழக்கமாக முப்பது கிலோ விதைக்கிற இடத்தில் இரண்டு கிலோ என்றால் யாருக்குத்தான் தைரியம் வரும்? விதையே இல்லாதவனுக்கு வந்தது.

கீதாஞ்சலி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். அதை மூன்று தடவை சொன்னார்.

"வயல்ல தண்ணி நிக்கக் கூடாதுங்க ஐயா. முடி அகலத்துக்கு வெடிப்பு விடுற வரைக்கும் காய விடணும். அப்புறம் ஒரு விரக்கடை, வெரல் அகல ஒசரத்துக்குத் தண்ணி. திரும்பக் காய விடணும். தண்ணி நின்னுச்சுன்னா ஒத்த நாத்து தூர் கட்டாது, பக்கத்துல கெளைச்சு வராது. அப்புறம் அறுக்க ஒண்ணும் இருக்காது."

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது அரியமுத்துவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கடலைக்கும் கேழ்வரகுக்கும் அப்படித்தான் செய்வார்கள். நெல்லுக்கு அப்படி என்றதும் வாய்க்காலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் சரி என்றார்.

நடவன்றைக்குச் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். நடவுக்காரப் பெண்களுக்குத் தலைவி வீரம்மாள். பதினாலே நாளான நாற்று, புல் மாதிரி இருந்தது. முக்கால் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து, முடிச்சுக்கு ஒரே ஒரு நாற்று. பாதி வயல் முடிந்ததும் வீரம்மாள் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது நடவா? பல்லு போனவன் வாயாட்டம் இருக்கு" என்றாள்.

"நீ நட்டுட்டுப் போ. மொளைக்கிற பல்லு அது" என்றார் அரியமுத்து. சொன்னாரே தவிர, அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பதினைந்து நாள் போனது. தண்ணீரை வடித்துவிட்டு மடையை அடைத்தார். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருக்கிறது, தன் வயல் மட்டும் காய்கிறது. பார்க்கச் சகிக்காமல் மேலத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிந்ததும் போனால் வயலில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. மடை திறந்து கிடக்கிறது.

நண்டு வளை போட்டிருக்கும் என்று நினைத்து மண்ணை மிதித்து அடைத்தார். வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றவே உச்சி ஆகிவிட்டது. மறுநாளும் அதே கணுக்கால் தண்ணீர். மடை வாயில் ஆள் குதிகால் பதிந்திருந்தது. நண்டுக்கு ஏது குதிகால்?

மூன்றாம் நாள் வாதநாராயண மரத்தடியில் உட்கார்ந்து காவல் காத்தார். மாடு ஓட்டிக்கொண்டு போனவன் ஒருத்தன் நின்று, வயலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுக் காலைத் தூக்கினான். அரியமுத்து ஓடிவந்து தடுத்தார். அவன் போய்ப் பத்து நிமிஷத்தில் புல்லுக்கட்டோடு வந்த வீரம்மாள் கட்டைக்கூட இறக்காமல் காலை ஓங்கினாள். அவளையும் தடுத்தார். ஊரே ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தது. முப்பது வருஷமாக யார் யார் வயலுக்கு அவர் மடை திறந்தாரோ அவர்கள் எல்லோருக்கும் இப்போதுதான் முதல்முறையாகப் பதில் மரியாதை செய்ய வாய்த்திருக்கிறது. அரியமுத்து வயல் காய்வது ஊரில் நடக்காத காரியம். உடம்புக்கு முடியவில்லையோ, மனசு சரியில்லையோ என்று ஆளாளுக்கு ஒன்று பேசிக்கொண்டார்கள்.

எல்லோரிடமும் விளக்கம் சொன்னார். கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள். அவர் சாப்பிடப் போன நேரத்தில் திறந்துவிட்டார்கள். மனுஷன் வாய் என்னவும் பேசும், பயிரின் வாய் காய்ந்து கிடக்கிறதே என்றாள் வீரம்மாள்.

ஆனால் முதல் இரண்டு நாள் விடியலில் திறந்தது யார் என்று ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. வீரமுத்து தன் வயலுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து, பாம்பு கடித்த அதே காலால், சாமிக்குச் செய்கிற மாதிரி பக்குவமாக மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அரியமுத்துவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வயலைப் பார்த்தார். நட்டு இருபது நாள் ஆகப்போகிறது, ஒரு குத்துகூட தூர் வெடிக்கவில்லை. வேர் முங்கியே கிடந்தால் எப்படி வெடிக்கும்? இன்னும் பத்து நாள் இப்படியே போனால் தையில் குதிரில் போட ஒன்றும் இருக்காது, பூங்காவனம் இன்னொரு வருஷம் வெறும் குதிரைப் பெருக்க வேண்டியதுதான்.

வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கருவேல முள்ளை வெட்டி வந்து மடை வாயில் வைத்து மிதித்தார்.

அதுதான் அவர் செய்த தப்பு. கரைமேட்டில் மடைக்கு முள் வைத்தால், 'இனி உன் நல்லது கெட்டதுக்கு நானில்லை, என் நல்லது கெட்டதுக்கு நீ வேண்டாம்' என்று அர்த்தம். பங்காளி வெட்டுக்குத்துக்குத்தான் அதை வைப்பார்கள். வீரமுத்து முள்ளைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான், வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். உச்சிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு மட்டும் தட்டில் இருந்தது, குழம்பு இல்லை.

"என் தம்பிக்கு முள்ளு வச்ச கை. அந்தக் கைக்குக் கொழம்பு ஒரு கேடா" என்றாள் பூங்காவனம்.

வெறும் சோற்றை உப்பு வைத்துத் தின்றார். தின்றுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். வேர் அழுகுவதை, தூர் கட்டாததை, குதிர் காலியாகக் கிடப்பதை. குதிர் என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திறக்காதே என்று சொன்னால் எவன் கேட்கிறான், பட்டினி போட்டுப் பழக்குகிற பயிர் இது என்று எப்படிப் புரியவைப்பது என்றார்.

பூங்காவனம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"போன பங்குனியில நம்ம எதுத்த வூட்டுப் புள்ளைக்கு அம்மை போட்டுச்சே. எவனாச்சும் தின்பண்டம் எடுத்துக்கிட்டு உள்ள போனானா?"

"எப்புடிப் போவான்? வாசல்ல வேப்பில கட்டியிருந்துச்சில்ல."

அவள் கொல்லை வேம்பைத் திரும்பிப் பார்த்தாள். அரியமுத்து எழுந்து கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்தை ஒடித்தார். வயலுக்குப் போய் முள்ளைப் பிடுங்கி எறிந்தார். மடையின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, குறுக்கே கயிறு கட்டி, கொத்துக் கொத்தாக வேப்பிலையைத் தொங்கவிட்டார். பூங்காவனம் பின்னாலேயே வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

முதலில் வந்தது வீரம்மாள். வழக்கம்போலக் காலைத் தூக்கியவள், வேப்பிலையைப் பார்த்ததும் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தாள். புல்லுக்கட்டை இறக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, பயிருக்குள்ள எறங்கியிருக்கா" என்று முணுமுணுத்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்து போனாள். அதற்கப்புறம் ஒருத்தர் கால் அந்த மடைப்பக்கம் வரவில்லை. அம்மை கண்ட வீட்டுக்குச் சோறு கொடுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. அந்த வயலைத் தாண்டும்போது மாட்டை அதட்டுகிறவன்கூடக் குரலைத் தாழ்த்தினான். விளக்கத்தில் புரியாதது இலையில் புரிந்தது. வயல் பத்தியத்தில் இருக்கிறது.

பூங்காவனமே போய்த் தம்பியைக் கூட்டி வந்தாள். வீரமுத்து வரப்பில் நின்று வேப்பிலையை வெகுநேரம் பார்த்தான்.

"இத மொதல்லயே கட்டியிருந்தா நான் ஏன் மாமா தொடப்போறேன்" என்றான்.

"எனக்கு மூள இருந்தா நான் ஏண்டா மூணாவதோட நிக்கிறேன்" என்றார் அரியமுத்து. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குழம்பு வந்தது.

வயல் காய்ந்தது. முடி அகலத்துக்கு வெடிப்பு விட்டது. அரியமுத்து வேப்பிலையை அவிழ்த்து வைத்துவிட்டு ஒரு விரக்கடை தண்ணீர் விட்டு, திரும்பக் கட்டினார். கீதாஞ்சலி கொண்டுவந்த உருளைக் கருவியைக் கயிறு போட்ட இடைவெளியில் முன்னும் பின்னும் தள்ளினார். இரண்டாவது காய்ச்சலில் பயிர் திரும்பியது. ஒரு நாற்று பத்தானது, பதினைந்தானது, முப்பதைத் தாண்டியது. கீதாஞ்சலி குத்துக் குத்தாகத் தூரை எண்ணிச் சந்தோஷப்பட்டார். வேப்பிலையைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். கதையைக் கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"ரிப்போர்ட்ல நீர் மேலாண்மைன்னு ஒரு கட்டம் இருக்குங்க ஐயா. அதுல இத எப்புடி எழுதுறது?"

"எழுதிக்கங்க. ஆத்தா காவல்னு."

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வேப்பிலை கட்டி வானத்தை நிறுத்த முடியுமா? ஐந்து நாள் விடாமல் கொட்டியது. வடிகாலில் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து வயலுக்குள் ஏறியது. அரியமுத்து அரிவாளோடு போனபோது அங்கே ஏற்கனவே பதினைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று காட்டாமணக்கை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் வீரமுத்து. அம்மை வார்த்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு ஊரே வந்து நிற்கும், அந்த மாதிரி. இத்தனை நாள் பத்தியம் இருந்த பிள்ளையை மழையில் விட்டுவிட முடியுமா என்று வீரம்மாள் கரையில் நின்று சத்தம் போட்டு வேலை வாங்கினாள். மூன்று நாளில் வடிந்தது. நெருக்கி நட்ட வயல்கள் சில சாய்ந்துவிட்டன. அரியமுத்துவின் பயிர் தலையை உதறிக்கொண்டு நின்றது. காயப்போட்ட நாட்களில் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே கீழே போயிருந்தது.

தையில் அறுத்தார். அவர் அந்த நிலத்தில் அதுவரை கண்ட நல்ல வருஷத்தைவிட ஒன்பது மூட்டை கூட. அதிசயம் என்று சொல்ல மாட்டார், யோக்கியமான விளைச்சல் என்பார். பூங்காவனம் குதிரில் நெல்லைக் கொட்டிக்கொண்டே இருந்தாள். வாய்விளிம்புக்கு வந்ததும் ஒரு பிடியை அள்ளி மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவள் குதிருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க இடமும் இல்லை.

மறுவருஷம் பதினோரு பேர் ஒற்றை நாற்று நட்டார்கள். வீரமுத்துவும் நட்டான். நட்டுப் பதினைந்து நாளில், பாடாலூரில் கட்டிக் கொடுத்த மகள் அனிதா வீட்டில் காதுகுத்து. போனால் வர ஒரு வாரம் ஆகும். கிளம்புமுன் மாமன் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றான்.

"போயிட்டு வரேன் மாமா. வயலப் பாத்துக்கங்க. தண்ணி மட்டும் வுட்டுறாதீங்க. வெடிப்பு வுட்டாத்தான்."

"எனக்கே சொல்லித் தரியா நீ" என்று அனுப்பி வைத்தார்.

அந்த வாரம் அரியமுத்து பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. புரட்டாசி வெயில். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடுகிறது. மச்சினன் வயல் காய்கிறது. வரப்பெங்கும் பதினொரு மடையிலும் வேப்பிலை. முதல் நாள் பார்த்துவிட்டு வந்தார், சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் நாள் காலைத் தூக்கிவிட்டார். வேப்பிலை காற்றில் ஆடியது, காலை இறக்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாம் நாள் போகவே கூடாது என்று வீட்டில் உட்கார்ந்தார். உச்சியில் பூங்காவனம் பார்த்தபோது ஆள் இல்லை. நாலாம் நாள் வயலில் குப்புறப் படுத்துக் கண்ணைத் தரையில் வைத்து வெடிப்புத் தேடினார். வரப்பில் போன ஒருத்தன், மாமனுக்கு என்ன ஆச்சு என்று பயந்து பூங்காவனத்திடம் ஓடினான். வெடிப்பு இல்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் போனார். பனி ஈரம் விலகின இடத்தில், கிழக்கு மூலையில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து இன்னொன்று. பூங்காவனத்தின் தலைமுடி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

வேப்பிலையை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வலது குதிகாலால் ஒரு தள்ளு. தண்ணீர் சளசளவென்று உள்ளே ஓடியது. விரக்கடைத் தண்ணீர்தான், அதற்குமேல் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ஆனால் அது ஏறி முடிகிறவரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அடுத்த வயல் கண்ணில் பட்டது. வீரம்மாள் குத்தகைக்கு எடுத்தது. அதிலும் வேப்பிலை. குனிந்து பார்த்தார். வெடிப்பு விட்டுவிட்டதா இல்லையா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்த முடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.